பழைய சென்னிமலைப் போர்வையும் எட்டு முக்கோணங்களும்

என் தம்பி கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். டேபிள் ரன்னர், தட்டுக்கு அடியில் போடும் மேட், ஏப்ரன், சமையலறைத் துண்டு என்று ராப்பகலாக அங்கே ஓடுவதெல்லாம் இந்தச் சாமான்கள்தான். இங்கே நெய்து, இங்கே தைத்து, கப்பலேற்றி எந்தெந்த நாட்டு மேஜைக்கோ அனுப்புகிறோம். எங்கள் வீட்டு மேஜையில் மட்டும் நேற்றுவரை பழைய செய்தித்தாள். பந்தியில் ரோல் பேப்பரை விரித்து அதன்மேல் வாழை இலை போடுகிற நமக்கு மேஜைக்கு ஒரு துணி எதற்கு என்றுதான் நானும் இருந்தேன்.

போன ஆடிப்பெருக்குக்கு வந்தவன் ஒரு கட்டைப் பை நிறைய சாம்பிள் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டான். "அக்கா, இதெல்லாம் கழிச்சுக் கட்டுனது. கால்மிதிக்காச்சும் ஆகும் பாரு" என்றான். பிரித்துப் பார்த்தால் கால் வைக்க மனசு வரவில்லை. மெரூன், நீலம், கடுகு மஞ்சள், கொஞ்சம் பச்சை. எல்லாம் கெட்டியான பருத்தி. அந்தச் சமயத்தில்தான் நங்கை (அண்ணன் மனைவி) திருப்பூரில் புதுவீடு கட்டிக் கண்ணாடி மேஜை ஒன்று வாங்கியிருந்தார். சூடாக எதையும் வைக்கப் பயமாக இருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, மேஜையின் நடுவில் நீளமாக ஓடும் ஒரு கில்ட் ரன்னர் தைத்துக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

மேல் துணி, நடுவில் மெத்தென்று ஒன்று, அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் அதுதான் கில்ட். அம்மாயி (அம்மாவின் அம்மா) பழைய நூல் சேலையை நாலாக மடித்து, ஓட்டுத் தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பு செய்வார். அதுவும் இதே வேலைதான், பெயர் மட்டும்தான் வேறு. இப்போது என்னிடம் இருப்பதும் அவர் விட்டுப்போன மிதி மெஷின்தான். நேர்த்தையல் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. இந்த வேலைக்கு அது போதும்.

முதலில் நடுத்துணிச் சங்கதி. கடையில் கேட்டால் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். குழந்தை மெத்தைக்கு அது நல்லது. மேஜைக்கு வேண்டாம் என்று நான் நினைத்ததற்குக் காரணம் சூடு. பருத்திக்கு வைக்கிற சூட்டில் அயர்ன் பாக்ஸ் பட்டால் அது இளகும், சூடான பாத்திரம் உட்கார்ந்த இடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். பருத்திதான் வேண்டும் என்று முடிவு செய்து, வீட்டில் ஓரம் பிய்ந்து கிடந்த பவானி ஜமக்காளத்தில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்குத் தைத்துப் பார்த்தேன். புவிசார் குறியீடு வாங்கிய ஜமக்காளத்துக்கு என் 14 நம்பர் ஊசி ஒரு பொருட்டா? மூன்றாவது குத்தில் ஊசி இரண்டாக ஒடிந்து, நுனி எங்கே தெறித்தது என்று விளக்குமாறும் காந்தமுமாக அரை மணி நேரம் தேடினேன்.

கடைசியில் கைகொடுத்தது பீரோவின் அடித்தட்டில் கிடந்த சென்னிமலைப் போர்வை. கைத்தறி, ஒற்றை விரிப்பு, இருபது வருஷமாவது துவைத்திருப்போம். நடுவில் நைந்துவிட்டது, ஓரங்கள் மட்டும் திடமாக இருந்தன. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்த துணி அது. புதுத் துணி வாங்கினால் கிடைக்காத குணம் இது. ஒற்றையாக வைத்தால் சன்னமாகத் தெரிந்தது, இரண்டாக மடித்து வைத்தேன். தையல் ஓடியபின் தொட்டுப் பார்த்தால் வாங்கிய பஞ்சு ஷீட் மாதிரி உப்பலாக இல்லை. படிமானமாக, கனமாக, மேஜையில் போட்ட இடத்தில் கிடக்கிற மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

அடித்துணிக்குக் காடா எடுத்துக்கொண்டேன். வெளுக்காத துணி, தறியிலிருந்து வந்தபடி பாவுக் கஞ்சியோடு இருக்கும். அதை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்காமல் தைக்கவே கூடாது. தைத்தபின் சுருங்கினால் மேல்துணி கூடாரம் மாதிரி எழும்பிவிடும். அதுவரைக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தது, வேலை மிச்சம் என்று மெரூன் துண்டையும் அதே வாளியில் போட்டது. காலையில் பார்த்தால் காடா முழுக்க வெளிர் ரோஜா நிறம். பக்கத்து வீட்டில் "உப்புப் போட்டு ஊற வெச்சிருந்தா சாயம் நின்னுருக்குமே" என்றார்கள். நிற்காது. பட்டறையில் உப்பைக் கொட்டுவது சாயம் நூலில் ஏறுவதற்கு. ஏறியதைக் கட்டிப்போடுவது சோடா ஆஷ். இரண்டும் சாயத் தொட்டியில் நடந்து முடிய வேண்டிய காரியம், வீட்டு வாளியில் நடக்காது. அந்த உப்பெல்லாம் எங்கே போனது என்று நொய்யல் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகி, 2011ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரைக்கும் போனது. நம் வாளிக்கு இருக்கிற ஒரே வழி, கெட்டி நிறங்களைத் தனியாக, தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசுவதுதான். அலசியதும் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்க்கலாம். கறை ஒட்டினால் இன்னொரு தரம். ரோஜாக் காடாவைத் தூக்கிப் போடவில்லை. அடிப்பக்கம்தானே.

துவைத்தபின் எல்லாத் துண்டுகளுக்கும் சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன். நெசவு கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும் துணியை அப்படியே வெட்டினால் சதுரம் சதுரமாக வராது, கத்தரிக்கு முன்னால் நழுவும். கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்துவிட்டால் காகிதம் மாதிரி வெட்டலாம், மடிப்பும் கூர்மையாக நிற்கும். ரன்னர் தைத்து முடிந்து ஒரு தரம் துவைத்தால் கஞ்சி போய்விடும்.

வெட்டுகிற அன்று காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற ஆடிக் காற்று பல்லடத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதோடு நிற்காமல் என் திண்ணையில் இருந்த இருபது துண்டுகளையும் தெருவுக்குக் கொண்டுபோனது. சன்னலைச் சாத்திக்கொண்டு, ஃபேனும் போடாமல், வேர்க்க வேர்க்க உள்ளே உட்கார்ந்துதான் வெட்டினேன்.

நங்கையின் மேஜை நீளம் 60 இஞ்ச். ரன்னர் 14 இஞ்ச் அகலம், 48 இஞ்ச் நீளம் என்று வைத்தேன். மேல்துணியை ஜமக்காளம் மாதிரி குறுக்குப் பட்டைகளாகப் போட ஆசை. பட்டை ஒன்று 14½ இஞ்ச் நீளம், 2½ இஞ்ச் அகலம். இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் 2 இஞ்ச் தெரியும். 24 பட்டை சேர்ந்தால் 48. காகிதத்தில் கணக்கு அழகாக இருந்தது.

தைத்து முடித்து டேப் வைத்தால், ஓரத் தையலுக்கான அரை இஞ்சையும் சேர்த்து 48½ இருக்க வேண்டியது 45½ சொச்சம்தான் இருந்தது. கிட்டத்தட்ட மூன்று இஞ்ச் காணோம். ஜாக்கெட் தைக்கிற கை எனக்கு, அரை இஞ்ச் விட்டே பழக்கம். கால் இஞ்ச் என்று நினைத்து நான் தைத்தது கால் இஞ்சும் அரை நூலும். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அதில் பாதி. கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையல் இரண்டு பட்டையிலும் அரை அரை நூல் தின்றால் ஒரு நூல். 23 தையலுக்கு 23 நூல், அதாவது மூன்று இஞ்சுக்கு ஒரு நூல்தான் குறைவு. பிரித்துத் தைக்கப் பொறுமை இல்லை. இன்னொரு கடுகு மஞ்சள் பட்டையைச் சேர்த்து 47½க்குக் கொண்டுவந்து விட்டுவிட்டேன். மேஜைக்குத் தெரியவா போகிறது? அடுத்த தரம் செய்கிறவர்கள் மெஷின் தட்டில், ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளி ஒரு பேண்டேஜ் டேப்பை ஒட்டிவிட்டு அதன் ஓரமாகத் துணியை ஓட்டுங்கள். நான் அதை இருபத்து நாலாவது தையலில் ஒட்டினேன்.

இனி கரை. நீள ஓரங்களில் எதுவும் வைக்காமல் வெறுமனே விட்டுவிட்டேன். இரண்டு முனைகளிலும் மட்டும் துணியை மடித்துச் செய்த முக்கோணங்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பட்டுச் சேலையின் கோபுரக் கரையைத் துணியாலேயே கட்டிய மாதிரி இருக்கும். இந்த முழு வேலையிலும் எனக்கு ருசித்த பகுதி இதுதான், அதிகம் பிரித்ததும் இதைத்தான்.

ஒரு சதுரத் துண்டைக் குறுக்காக மடித்தால் முக்கோணம். அதை மறுபடி பாதியாக மடித்தால் சின்ன முக்கோணம். அவ்வளவுதான். வெட்டிய ஓரம் நாலும் இப்போது அடிப்பக்கம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், மற்ற இரண்டு பக்கமும் மடிப்பு. ஓரம் அடிக்க வேண்டியதில்லை, பிசிறு வராது. மடிப்பு இரண்டும் துணியின் குறுக்கு வாட்டத்தில் இருப்பதால் இழுத்தால் நீளும். ஆகவே தேய்க்கும்போது பெட்டியை இழுக்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். நான் முதல் இரண்டை இழுத்துத் தேய்த்ததில் அவை காக்கை மூக்கு மாதிரி ஒரு பக்கம் வளைந்து போயின.

அளவில்தான் சறுக்கினேன். அகலம் 14, முக்கோணம் 4, ஆகவே 3½ இஞ்ச் சதுரம் என்று எட்டை வெட்டி, மடித்து, வரிசையாக வைத்துத் தைத்தேன். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை இஞ்ச் சந்து, பல் விழுந்த வாய் மாதிரி. யோசித்துப் பார்த்தபின்தான் புரிந்தது. முக்கோணத்தின் அடியில் கால் இஞ்ச் தையலுக்குள் போகும்போது உயரம் மட்டும் குறைவதில்லை. பக்கம் சரிவாக ஏறுவதால் இடமும் வலமும் கால் கால் இஞ்ச் அகலமும் போகிறது. 3½ சதுரம் தைத்தபின் 3 ஆகத்தான் தெரியும். வேண்டிய அகலத்தை முக்கோணங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதோடு அரை இஞ்ச் கூட்டினால் வெட்ட வேண்டிய சதுரம் வரும். 14ஐ 4ஆல் வகுத்தால் 3½, கூட்டினால் 4. 16 இஞ்ச் அகல ரன்னருக்கு 4½. கால் இஞ்ச் தையலாக இருக்கும் வரை இது பிசகாது. அரை இஞ்ச் விட்டுத் தைக்கிறவர்கள் ஒரு இஞ்ச் கூட்ட வேண்டும்.

மறுபடி 4 இஞ்சில் எட்டு வெட்டினேன். மடித்தபின் அடி 4 இஞ்ச், உயரம் 2 இஞ்ச். தைத்தபின் வெளியே தெரிவது 3½க்கு 1¾. மடித்த முக்கோணத்துக்கு ஒரு பக்கம் மூடிய மடிப்பு, மறு பக்கம் வாய் திறந்திருக்கும். எல்லா வாயும் ஒரே திசையைப் பார்க்க அடுக்கி, ஒன்றின் மூடிய மூலையை அடுத்ததன் வாய்க்குள் அரை இஞ்ச் நுழைத்துக்கொண்டே போனால் நாலும் சேர்ந்து 14½ இஞ்சில் வந்து நிற்கும். மேல்துணியின் வெட்டிய அகலமும் அதேதான். ஒரு நூல் கூடக் குறையவில்லை என்று பார்த்தபோது வந்த சந்தோஷத்தில் எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்தேன்.

காப்பி குடித்துவிட்டு வந்து செய்தது அடுத்த தப்பு. தெருமுனையில் ஜாக்கெட் தைக்கிற அக்கா நூல் கேட்டு வந்தவர், மெஷினில் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கூரு வெளிய பாத்துட்டிருக்குதே. திருப்புனா உள்ளாற போயிருமல்லோ?" என்றார்.

"இல்லீங்க்கா, வெளிய நீட்டோணும்னுதான் இப்பிடி வெச்சேன்."

"வெளிய வரோணும்னா இப்ப உள்ள பாக்கோணும் சாமி. சட்டைக் காலரு திருப்புனதில்லையா நீ?"

அவர் சொன்னதுதான் சரி. முக்கோணத்தின் கூர் ரன்னரின் நடுவைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். வெட்டிய ஓரம் மேல்துணியின் வெட்டிய ஓரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரு முனையைத் தைத்தே முடித்திருந்தேன், பிரித்தேன். இந்தத் தரம் குண்டூசியோடு நிற்காமல், ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளி நீளத் தையலாகத் தற்காலிகமான கச்சாத் தையல் ஓட்டிக்கொண்டு, கையால் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போனேன்.

சேர்ப்பது தலையணை உறை மாதிரிதான். கீழே போர்வை, அதன்மேல் மேல்துணி நல்ல பக்கம் மேலே பார்த்து, அதன்மேல் ரோஜாக் காடா நல்ல பக்கம் கீழே பார்த்து. சுற்றிலும் கால் இஞ்ச் தையல். நீள ஓரம் ஒன்றின் நடுவில் 6 இஞ்ச் திறந்து விட வேண்டும். முனைப் பக்கம் திறப்பு வைத்தால் முக்கோணம் குலைந்துவிடும். முக்கோணங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இடத்தில் அவை மட்டுமே எட்டு அடுக்கு, மற்ற துணிகளோடு பன்னிரண்டு. அங்கே 16 நம்பர் ஊசி போட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றியே கடந்தேன். தைத்தபின், தையலுக்கு வெளியே இருக்கும் போர்வையை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டு, நாலு மூலையையும் சாய்வாகக் கத்தரித்துவிட்டுத் திருப்ப வேண்டும். மூலையைக் குத்திவிட நான் எடுத்தது மழுங்கிய தோசைத் திருப்பிக் காம்பு. கத்தரி முனையால் குத்தி மூலையை ஓட்டை செய்த அனுபவம் ஏற்கனவே உண்டு.

தேய்த்து, திறப்பை உள்ளே மடித்து, ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளிச் சுற்றிலும் ஒரு தையல். திறப்பும் அதிலேயே மூடிக்கொண்டது.

மிச்சம் இருந்தது நீளவாக்கில் ஓடும் தையல்கள். முக்கோணங்களுக்கு நடுவே இருக்கும் மூன்று பள்ளங்களிலிருந்து எதிர்முனைப் பள்ளத்துக்கு மூன்று கோடு, நாலு கூரிலிருந்தும் நாலு கோடு, மொத்தம் ஏழு. மார்க்கிங் சாக்கில் கோடு போட்டு, நாலு விரலுக்கு ஒரு ஊக்குக் குத்தினேன். முதல் கோடு நடுவில். பிறகு வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக. ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். ஊசிக்குக் கீழே இருக்கும் மெஷினின் பல் அடித்துணியை இழுக்கும், மேலிருந்து துணியை அழுத்தும் மெஷின் கால் மேல்துணியைப் பிடித்து நிறுத்தும். ஆகவே மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி முன்னால் அலை மாதிரி திரளும். கால் தண்டின் தலையில் இருக்கும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, இஞ்சுக்கு எட்டுத் தையலாக நீளம் கூட்டிய பிறகு அது அடங்கியது. இன்னொன்று: நேரம் மிச்சம் என்று ஒரு கோட்டை இந்தப் பக்கமிருந்தும் அடுத்ததை அந்தப் பக்கமிருந்தும் ஓட்டினேன். இரண்டுக்கும் நடுவே துணி சாய்வாகச் சுருங்கி நின்றது. பிரித்துவிட்டு ஏழையும் ஒரே பக்கமிருந்து ஓட்டியதும் சரியாகிவிட்டது.

இரண்டு ஞாயிறும் நடுவில் நாலு ராத்திரியும் ஆயிற்று. முக்கோணத்தோடு சேர்த்து நீளம் 50½ இஞ்ச். பட்டைகளில் இரண்டு கொஞ்சம் கோணல். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண்ணுக்கு அகப்படாது, எனக்கு அது மட்டும்தான் தெரிகிறது.

நங்கை விரித்த மூன்றாம் நாளே அண்ணன் மகன் அதன்மேல் ரசச் சட்டியை அடுப்பிலிருந்து நேராக எடுத்துவந்து வைத்திருக்கிறான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, கடுகு மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு ரச மஞ்சள் வட்டம் மட்டும் விழுந்தது. சோப்புப் போட்டு அலசி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்ததில் மஞ்சள் வெளுத்துவிட்டது. முக்கோணங்கள் மட்டும் துவைத்தபின் சுருண்டுகொள்கின்றன, ஈரம் இருக்கும்போதே தட்டி நீவிக் காயப்போட்டால் தேய்க்க வேண்டியதில்லை. மெரூன் இன்னும் கொஞ்சம் சாயம் விடுகிறது. வேறு துணியோடு போடாதீர்கள், தனியாகவே அலசுங்கள் என்று நங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.